பெட்ராவுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஜோர்டான் போகிறோம். பெட்ரா பாறை நகரத்துக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். முட்டிவலி உள்ள அம்மாவும் வருகிறார். சமாளிக்க முடியுமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டு நாளாக்குங்கள் அம்மா. ஜோர்டானில் இரவு தங்குவோருக்கு ஒரு நாள் டிக்கெட் 50 தினார், இரண்டு நாளுக்கு 55. ஐந்து தினாரில் ஒரு முழு நாள் கிடைக்கும்போது அவசரப்படுவானேன்? வாசலை ஒட்டிய வாடி மூசா ஊரிலேயே தங்குங்கள்.

வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைப் பிரிக்க வேண்டும். பாறையில் குடைந்த புகழ்பெற்ற 'கருவூல' முகப்பான கஸ்னே கிழக்குப் பார்த்தது. காலை ஒன்பது, பத்து மணி வெயிலில்தான் அதன் ரோஜா நிறம் எழும். மலைமேல் உள்ள 'மடாலய' முகப்பான அத்-தைர் மேற்குப் பார்த்தது, அதற்குப் பிற்பகல். காலையிலேயே மூச்சு வாங்க ஏறிப்போனால் முகப்பு நிழலில் கிடக்கும்.

வாசலிலிருந்து கஸ்னேவுக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். அதில் 1.2 கிலோமீட்டர் சீக் என்னும் குறுகிய பாறைப் பிளவு. போகும்போது சரிவு, கால் வலி தெரியாது. திரும்பும்போது அதே வழி ஏற்றம். அம்மாவுக்குப் பேட்டரி வண்டி உண்டு, தனிக் கட்டணம். இருவழிக்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். கஸ்னே தாண்டி, பாறையில் குடைந்த அரங்கம் வரை அவர் மெதுவாக நடக்கலாம். அத்-தைருக்கு வேண்டாம். பத்துமலையில் 272 படி. அங்கே சுமார் 800, அதுவும் தேய்ந்து சரிந்தவை. கழுதைமேல் ஏற்றிவிடுகிறேன் என்பார்கள், மறுத்துவிடுங்கள். விளிம்போரம் ஆபத்து, அந்தப் பிராணிக்கும் பாடு, படியும் இன்னும் தேய்கிறது.

கஸ்னேவுக்குள் விடமாட்டார்கள். உள்ளறையின் வண்ண வரிகளைப் பார்க்க அரச கல்லறைகளில் உள்ள ஜாடிக் கல்லறைக்கு ஏறுங்கள். சுவரைக் கையால் தடவ வேண்டாம். மணற்பாறை பொடிப்பொடியாக உதிரும்.

கேள்வி: பாலைவனத்தில் மழைக்குப் பயப்பட வேண்டுமா?
- அதே வாசகி

பதில்: கட்டாயம். நம் தோட்டத்து மண் மழையைக் குடித்துக்கொள்ளும், அந்தப் பாறை குடிக்காது. எங்கோ மேட்டில் பெய்த நீர் முழுவதும் ஓடைகளில் திரண்டு சீக்கை நோக்கிப் பாயும். உங்கள் தலைக்குமேல் வானம் தெளிந்திருந்தாலும் வரும். பெட்ராவைக் கட்டிய நபத்தேயர் இதை அறிந்து சீக்கின் வாயில் அணை கட்டி, நீரைச் சுரங்கம் வழியே திருப்பினார்கள். காலப்போக்கில் அணை பாழானது. 1963-இல் சீக்கில் புகுந்த வெள்ளம் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளைக் கொன்றது. அதன்பிறகே அணையை மீண்டும் எழுப்பினார்கள். இருந்தும் 2018-லும் 2022-லும் வெள்ளத்தால் பயணிகளை வெளியேற்ற நேர்ந்தது. டிசம்பர் அங்கே மழைக்காலம். முன்னிரவே வானிலை அறிவிப்பைப் பாருங்கள். காவலர் வெளியேறச் சொன்னால் படமெடுக்க நிற்காதீர்கள். சீக்கில் இல்லாமல் உள்ளே இருந்தால் ஓடைப் படுகையை விட்டு மேட்டுக்கு ஏறி, அவர்கள் சொல்லும்வரை அங்கேயே இருங்கள். குளிருக்குத் தடித்த ஜாக்கெட்டும், வழுக்காத அடியுள்ள சப்பாத்தும் அவசியம், சிலிப்பர் உதவாது.