ஜப்பான் மன்னித்ததா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டு அணுகுண்டு போட்ட நாட்டோடு ஜப்பான் எப்படி இத்தனை காலம் ஒட்டி உறவாடுகிறது? பௌத்தம் கற்றுக்கொடுத்த மன்னிப்பா, இல்லை தோற்றவனுக்கு வேறு வழியில்லையா?

– ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

பௌத்தத்தைச் சொல்லி மன்னிப்புப் பேசியவர் ஒருவர் உண்டு. ஆனால் அவர் ஜப்பானியர் அல்ல. 1951 செப்டம்பரில், சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டில், பகை பகையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் நஷ்டஈடு வேண்டாம் என்றவர் இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்த்தன. (அவர் அதிபராக இருந்தபோது 1983-இல் தமிழர்கள் மீது நடந்த வன்முறையை அறிந்தவர்களுக்கு அந்த வாக்கு அவர் வாயில் கசக்கும். அது வேறு கதை.)

அமெரிக்காவின் கணக்கு வேறு. போர் முடிந்ததும் ஜப்பானின் பல்லைப் பிடுங்குவதில்தான் குறியாக இருந்தது. படையே கூடாது என்று அரசியல் சாசனத்தில் ஒன்பதாம் பிரிவு வைத்தது. 1949-இல் சீனா மாவோ கைக்குப் போனது. மறுவருடம் கொரியாவில் போர். இப்போது அமெரிக்காவுக்கு நிமிர்ந்து நிற்கும் ஜப்பான் தேவைப்பட்டது. அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே, அதே ஊரில், அமெரிக்கப் படை ஜப்பானில் தங்குவதற்கான உடன்படிக்கையும் கையெழுத்தானது.

ஜப்பானுக்கும் லாபம்தான். டொயோட்டாவைப் பாருங்கள். 1950-இல் கம்பெனி திவாலாகும் நிலை, ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம். நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். அந்த ஜூனிலேயே கொரியப் போர் வெடித்தது. அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கில் லாரி கேட்டது. கம்பெனி பிழைத்துக்கொண்டது.

மேல்மட்டத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். போர்க்குற்றச் சந்தேகத்தில் அமெரிக்கா மூன்று வருடம் சுகாமோ சிறையில் வைத்திருந்த நொபுசுகே கிஷி, வழக்கே இல்லாமல் வெளியே வந்து 1957-இல் பிரதமரானார். அமெரிக்கப் படை தங்குவதற்கான அந்தப் பாதுகாப்பு உடன்படிக்கையைப் புதுப்பித்தவரும் அவரே. 1945 மார்ச்சில் டோக்கியோவைக் கொளுத்திய குண்டுவீச்சை நடத்திய அமெரிக்கத் தளபதி கர்டிஸ் லமே. ஒரே இரவில் ஏறக்குறைய லட்சம் பேர் செத்தார்கள். ஜப்பானின் விமானப்படையை வளர்க்க உதவினார் என்று 1964-இல் அவருக்கே விருது கொடுத்தது ஜப்பான் அரசு! இதை மன்னிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மக்கள் எல்லோரும் தலையாட்டவும் இல்லை. 1960-இல் உடன்படிக்கையை எதிர்த்து லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அமெரிக்க அதிபர் ஐசனோவரின் ஜப்பான் பயணமே ரத்தானது. கிஷி பதவி விலகினார். உடன்படிக்கை மட்டும் நின்றது.

அப்புறம் ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவுகள். அங்கே அமெரிக்க ஆட்சி 1972 வரை நீடித்தது. ஜப்பானின் நிலப்பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத அந்தத் தீவுகளில்தான், அமெரிக்கப் படை மட்டும் பயன்படுத்தும் தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்றும் இருக்கிறது. டோக்கியோக்காரர்களின் நட்புக்கு வாடகை கட்டுபவர்கள் ஒகினாவா மக்கள். அவர்கள் இன்னும் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.