காய்ந்த விறகு என்று சொல்லி இறக்கிய பச்சைக் கட்டை

கேள்வி: வணக்கம் ஐயா. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். தோட்டத்தை விட்டு வந்து இருபது வருடம் ஆகியும் விறகு அடுப்பை விடவில்லை. குளிக்க வெந்நீர், ஞாயிற்றுக்கிழமைக் கறி, தீபாவளி முறுக்கு எல்லாம் பின்கட்டில் அதில்தான். போன மாதம் ஒரு லோரிக்காரர் "நல்லா காய்ந்த பால்மர (ரப்பர் மர) விறகு" என்று சொல்லி, 350 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சின்ன லோரி இறக்கிவிட்டுப் போனார். பற்ற வைத்தால் வீடெல்லாம் புகை. கட்டையின் முனையில் நுரை தள்ளுகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? இல்லையென்றால் இதை எப்படிக் காய வைப்பது?

பதில்: அம்மா, நுரை தள்ளுகிறது என்று எழுதினீர்களே, அது ஒன்றே போதும். உங்களுக்கு வந்தது பச்சைக் கட்டை. புதிதாக வெட்டிய பால்மரம் ஆயிரம் கிலோ என்றால் அதில் ஏறக்குறைய நானூறு கிலோ தண்ணீர். அடுப்பில் வைத்ததும் அந்தத் தண்ணீர் சூடாகி, கட்டையின் இரண்டு முனை வழியாகவும் சீறிக்கொண்டு வெளியே வருகிறது. தீயின் சூட்டைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்வதால் மரத்திலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாகவே போகிறது. உங்கள் கண்ணும் நெஞ்சும் எரிவது அதனால்தான். சட்டி அடியில் தார் போலக் கரி ஒட்டுவதும் அதே புகைதான்.

பணம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி, விற்கிறவர் ஒரு பொருளை எப்படிச் சொல்லி விற்றாரோ பொருள் அப்படி இருக்க வேண்டும். "காய்ந்தது" என்று சொன்னால் காய்ந்திருக்க வேண்டும். முதலில் அந்த லோரிக்காரருக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். நுரை தள்ளும் கட்டையை வீடியோ எடுத்து அனுப்புங்கள். அவர் ஒத்துவரவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, பிரச்சினை நடந்து மூன்று ஆண்டுக்குள் போனால் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: முறுக்கு சுட்டு வியாபாரம் செய்வதற்கு வாங்கிய விறகு என்றால் நீங்கள் பயனீட்டாளர் கணக்கில் வராமல் போகலாம். வீட்டுக்கு மட்டும் என்றால் பயமில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், விறகைத் திருப்பி அனுப்பாதீர்கள். பாதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பால்மரம் நல்ல விறகு. அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டதே இந்தக் கட்டையை எரித்துத்தான். உங்களுடையதற்குக் குறை ஒன்றுதான்: காயவில்லை.

சரி, காய வைப்பது. இன்றைக்கே பிளந்துவிடுங்கள். முழு உருளையாகக் கிடந்தால் பட்டை ஈரத்தை வெளியே விடாது, ஒரு வருடம் ஆனாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும். மரத்துக்குள் தண்ணீர் நீளவாக்கில்தான் வேகமாக ஓடும். அதனால் கட்டை குட்டையாக, ஒரு முழத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். கனம் மணிக்கட்டு அளவு, மிஞ்சினால் அதைவிடக் கொஞ்சம் தடிமன்.

பிளப்பது மகனோ பேரனோ என்றால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். அடிக்கட்டை மேல் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் டயரை வைத்து, அதற்குள் கட்டையை நிறுத்த வேண்டும். பிளந்த துண்டு காலில் பறக்காது, ஒவ்வொரு தடவையும் குனிந்து பொறுக்கவும் வேண்டாம். கட்டையின் முகத்தைப் பார்த்தால் நடுவிலிருந்து மயிரிழை போல வெடிப்பு ஓடியிருக்கும். கோடாலி அந்த வெடிப்பு வழியாகவே இறங்க வேண்டும், கணுவைக் குறிவைக்கக் கூடாது. பால்மரம் பச்சையில் எளிதாகப் பிளக்கும். சிலிப்பர் போட்டுக்கொண்டு கோடாலி பிடிக்கவே கூடாது, சப்பாத்து போடச் சொல்லுங்கள்.

அடுக்கும்போது மண்ணில் வைக்காதீர்கள், ஒரே வாரத்தில் கறையான் ஏறிவிடும். செங்கல் மேல் இரண்டு கம்பியோ பழைய பேலட்டோ (சரக்கு ஏற்றும் மரத்தட்டு) போட்டு, அதன்மேல் அடுக்குங்கள். வீட்டுச் சுவரை ஒட்டவும் வேண்டாம், ஒரு கை நுழையும் இடம் விடுங்கள். பூரானும் பாம்பும் விறகுக் குவியலைத் தேடி வரும், அதனால் கட்டை எடுக்கும்போது மேலிருந்தே எடுங்கள். மேலே தகரம் போதும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். மழைக்குப் பயந்து கென்வஸை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுகிறார்கள். அது காயவிடாமல் வேக வைக்கும், உள்ளே பூஞ்சை பிடிக்கும். கென்வஸ் மடிப்பில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், இது விறகைவிடப் பெரிய தொல்லை.

எப்போது காய்ந்தது என்று தெரிந்துகொள்ள அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, சாயம் பூசி அடையாளம் வைத்து, சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். வாரம் ஒரு தடவை நிறுங்கள். 2 கிலோ இருந்த கட்டை 1.4 கிலோ பக்கத்தில் வந்து, இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. அதற்கு மேல் எத்தனை மாதம் வைத்தாலும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதைக் குறைய விடாது. பிளந்த பால்மரத்துக்குக் கூரையின் கீழ் மூன்று, நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் சேர்த்து வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். குளிர் நாட்டு மரத்துக்குச் சொன்ன கணக்கு அது. பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதைத் தின்ன வண்டு வரும். கட்டையைத் தட்டினால் முகப்பவுடர் போல மாவு கொட்டினால் வண்டு புகுந்துவிட்டது என்று அர்த்தம், அதை முதலில் எரித்துத் தீருங்கள். நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தால் பயப்பட வேண்டாம், அது பூஞ்சைக் கறை, எரிவதற்குத் தடையில்லை.

அடுத்த தடவை பொங்கல் முடிந்த கையோடு வாங்குங்கள். தீபாவளி வருவதே அக்டோபர், நவம்பர் மழையில். அந்த நேரத்தில் யாரிடமும் காய்ந்த விறகு எளிதில் கிடைக்காது.

கேள்வி: லோரியில் வந்த விறகை இறக்குவதற்கு முன்பே ஈரமா என்று பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. மேலே இருப்பதை விட்டுவிட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவச் சொல்லுங்கள். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது "டணங்" என்று கணீரென ஒலிக்கும், ஈரம் "தொப்" என்று விழும். பட்டை கழன்று வருகிறதா, முனையில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் என்றால் அங்கேயே ஒன்றைப் பிளந்து, உள்முகத்தைக் கன்னத்தில் வையுங்கள். ஜில்லென்றிருந்தால் ஈரம். ஈரமானி வாங்கியவர்களும் பிளந்த உள்முகத்தில்தான் ஊசியைக் குத்த வேண்டும், 20 விழுக்காட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். டன் கணக்கில் வாங்காதீர்கள், தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பீர்கள். அடுக்கிய நீளம், அகலம், உயரம் பேசி வாங்குங்கள்.

கேள்வி: நாற்காலி தொழிற்சாலையில் பால்மரத் துண்டுகள் சும்மா கொடுக்கிறார்கள். சமைக்கலாமா?

பதில்: வேண்டாம். வண்டு வராமல் இருக்க அந்தப் பலகைக்குப் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள், ஒட்டியதில் பசையும் இருக்கும். தண்டவாளத்துக்கு அடியில் போட்டிருந்த பழைய ரயில் சிலிப்பர் கட்டை, சாயம் பூசிய பலகை, பிளைவுட் எதுவும் சமையலுக்கு ஆகாது. பேலட் என்றால் முத்திரையைப் பாருங்கள். HT (எச்.டி.) என்றிருந்தால் சூடேற்றிய மரம், சுத்தமாக இருந்தால் எரிக்கலாம். MB (எம்.பி.) என்றிருந்தால் விஷவாயு அடித்தது, கிட்டவே கொண்டு வராதீர்கள்.