பெரிய ரிவால்வருக்கு நாமே தோட்டா நிரப்புவது: கேள்வி பதில்

.44 மேக்னம், .45 கோல்ட் என்ற இரண்டு ரிவால்வர் தோட்டா வகைகளிலும் பல வருடங்களாக நானே தோட்டா நிரப்பிச் சுடுகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, எனக்கு அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒன்று: துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலே தோட்டா நிரப்பவும் அனுமதி இருக்கிறது என்று எல்லா இடத்திலும் அர்த்தமில்லை. வெடிமருந்து, பிரைமர் (கேஸின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பி) வைத்திருக்கத் தனிச் சட்டம் இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மற்றதைப் பேசுவோம்.

கேள்வி: அண்ணா, ஆரம்பிக்க என்னென்ன வாங்கணும்? ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா விழும் புரோகிரஸிவ் பிரஸ் (தோட்டா நிரப்பும் நெம்புகோல் கருவி) நேரடியாக வாங்கிவிடலாமா?

வேண்டாம். முதல் சில நூறு தோட்டாக்களை சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில்தான் நிரப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புரோகிரஸிவில் நாலைந்து வேலை ஒரே இழுப்பில் நடக்கும், எது சரியாக நடந்தது எது தப்பியது என்று புதியவரின் கண்ணுக்குத் தெரியாது. சிங்கிள் ஸ்டேஜில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான், மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒவ்வொரு படியும் கைக்குப் பழகிவிடும்.

பிரஸ் தவிர, உங்கள் காலிபருக்கான கார்பைடு டை செட் (கேஸை வடிவமைக்கும் கடின உலோக அச்சுகள்), கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், ஒரு நல்ல தராசு, அதைச் சோதிக்கப் படிக்கற்கள், நீளம் அளக்கும் காலிப்பர் கருவி, கேஸ்களை (தோட்டாவின் பித்தளைக் கூடுகளை) நிறுத்தி வைக்க லோடிங் பிளாக், பாதுகாப்புக் கண்ணாடி, அப்புறம் குறைந்தது இரண்டு லோடிங் மேனுவல் (மருந்து அளவுகளின் அட்டவணை உள்ள கையேடு). மேனுவலை வாங்கி, மற்றவை வந்து சேர்வதற்குள் முன்பகுதியைப் படித்து முடித்துவிடுங்கள். பலர் அட்டவணைப் பக்கத்தை மட்டும் புரட்டுகிறார்கள். எப்படி, ஏன் என்பதெல்லாம் முன்பகுதியில்தான் இருக்கிறது.

கேள்வி: சுட்ட கேஸிலிருந்து புதுத் தோட்டா ஆகும்வரை என்ன நடக்கிறது, வரிசையாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். சுட்டபோது கேஸ், தோட்டா இருந்த அறையின் (சேம்பரின்) அளவுக்கு விரிந்திருக்கும். முதல் டை அதைப் பழைய அளவுக்குச் சுருக்கி, பழைய பிரைமரையும் தள்ளிவிடும். கார்பைடு டை என்றால் இந்த நேரான கேஸ்களுக்கு எண்ணெய் தடவ வேண்டியதில்லை. இரண்டாவது டை கேஸின் வாயைக் கொஞ்சம் மலர்த்தும், புல்லட்டின் (தோட்டாவிலிருந்து பாயும் குண்டின்) அடி உட்காரும் அளவுக்கு மட்டும். அதிகம் மலர்த்தினால் பித்தளை சீக்கிரம் கீறிவிடும். பிறகு புது பிரைமர். அது கேஸின் அடியோடு சமமாகவோ ஒரு நூலிழை உள்ளேயோ இருக்க வேண்டும், விரலால் தடவிப் பாருங்கள். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) சுற்றாமல் சிக்கும். அடுத்து மருந்து, புல்லட், கடைசியாக கிரிம்ப், அதாவது புல்லட்டைப் பிடிக்கும்படி கேஸின் வாயை மடக்குவது.

சொல்ல இவ்வளவுதான். இதில் மருந்து விடும் இடம் ஒன்றில்தான் உயிர் இருக்கிறது, மற்ற எங்கே தவறினாலும் பெரும்பாலும் ஒரு கேஸ்தான் வீணாகும்.

கேள்வி: .44 மேக்னத்துக்கு எத்தனை கிரெய்ன் மருந்து போடறீங்க? உங்க அளவைச் சொன்னா அதையே போட்டுக்கறேன்.

சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அளவு என் துப்பாக்கிக்கு, என் புல்லட்டுக்கு, நான் வாங்கிய அந்த டப்பா மருந்துக்கு. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம், எழுத்தில் ஒரு புள்ளி தள்ளி விழுந்தாலே கதை மாறிவிடும். மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையில் உங்கள் புல்லட்டின் எடைக்கும் வகைக்கும் நேராக இருக்கும் தொடக்க அளவை எடுங்கள், அதை இன்னொரு மேனுவலோடு ஒப்பிடுங்கள், அங்கிருந்து சிறிது சிறிதாக ஏறுங்கள். பெரும்பாலும் உச்ச அளவுக்கு வெகு முன்னாலேயே குறி நன்றாக விழும் ஓர் அளவு கிடைத்துவிடும். அங்கேயே நின்றுவிடுங்கள்.

கேள்வி: அப்போ அட்டவணையை விடக் கம்மியாப் போட்டா இன்னும் பாதுகாப்புதானே?

இல்லை. இதை நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எச்110 போன்ற மெதுவாக எரியும் மேக்னம் மருந்துகள் கேஸை நிரப்பியிருந்து, கனமான புல்லட்டும் இறுக்கமான கிரிம்பும் தடுத்துப் பிடித்தால்தான் ஒழுங்காக எரியும். குறைத்துப் போட்டால் எரிவது தாறுமாறாகும், புல்லட் குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அட்டவணை அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரிக்கிறது. மென்மையான தோட்டா வேண்டுமானால் அதே மருந்தைக் குறைக்கக் கூடாது, அந்த வேலைக்கான வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

வேகமாக எரியும் மருந்தில் வேறு ஆபத்து. இந்தப் பெரிய கேஸ்கள் அதிக இடம் பிடிக்கும் பழைய கறுப்பு மருந்துக் காலத்து வம்சம்: .45 கோல்ட் 1873-இல் வந்தது, 1955-இல் வந்த .44 மேக்னமோ 1907-இன் .44 ஸ்பெஷலை நீட்டி உருவானது. அதனால் உள்ளே இடம் தாராளம். வேக மருந்தின் ஒரு அளவு அடியில் கொஞ்சமாகத்தான் தெரியும். தவறிப்போய் இரண்டாவது முறை ஊற்றினாலும் வழியாது, புல்லட்டும் சாதாரணமாக உட்கார்ந்துவிடும். சுடும்போது சிலிண்டர் பிளந்துவிடும். அதனால் ஆரம்பிக்கிறவர்களுக்கு, இரண்டு முறை விழுந்தால் கேஸ் வழிந்து காட்டிக்கொடுக்கும் பருமனான மருந்தாகத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

கேள்வி: இரட்டை அளவோ வெற்று கேஸோ வராம இருக்க நீங்க என்ன பண்றீங்க?

பிரைமர் போட்ட கேஸ்களை எல்லாம் ஒரு பிளாக்கில் வாய் கீழாகக் கவிழ்த்து வைப்பேன். ஒன்றை எடுத்து, மருந்து விட்டு, இன்னொரு பிளாக்கில் வாய் மேலாக வைப்பேன். ஐம்பதும் முடிந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு கேஸுக்குள்ளும் பார்ப்பேன், மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கொட்டிவிட்டுத் திரும்ப நிறுப்பேன். அதன் பிறகுதான் புல்லட்டைத் தொடுவேன்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான். மிச்சம் அதன் சொந்த டப்பாவுக்கே திரும்பிப் போக வேண்டும். போன், டிவி, பேச்சுத்துணை எதுவும் கூடாது. நடுவில் யாராவது கூப்பிட்டால் கையில் இருக்கும் கேஸைக் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப நாட்களில் ஒருமுறை மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து போய்விட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து சுடும் இடத்தில் ஒரு தோட்டா 'டப்' என்று அமுங்கின சத்தம் போட்டது, கை உதறவே இல்லை. அடுத்ததை அழுத்தப் போன விரலை எப்படியோ நிறுத்திவிட்டேன். தோட்டாக்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் புல்லட் குழலின் நடுவில் நிற்கிறது. அந்த கேஸில் மருந்தே இல்லை, பிரைமர் மட்டும்தான் அதை அங்கே தள்ளியிருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். சத்தமோ உதறலோ வித்தியாசமாக இருந்தால் அப்படியே நிறுத்துங்கள், துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழல் காலியா என்று பாருங்கள்.

கேள்வி: ரிவால்வருக்கு கிரிம்ப் ரொம்ப முக்கியம்னு சொல்றாங்களே, ஏன்?

ஒரு தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது, சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் கேஸ்களும் அதோடு இழுபடுகின்றன. கனமான புல்லட் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பிடிமானம் போதாவிட்டால் புல்லட் கேஸைவிட்டு முன்னால் நகர்ந்து சிலிண்டருக்கு வெளியே எட்டிப்பார்க்கும், சிலிண்டர் பூட்டிக்கொள்ளும். அதனால் புல்லட்டில் இருக்கும் பள்ளத்துக்குள் கேஸின் வாயை உருட்டி மடக்குகிறோம். கேஸ்களின் நீளம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் மடிப்பும் ஒன்றுபோல் வராது. புல்லட்டை உட்காரவைப்பதையும் கிரிம்ப் செய்வதையும் ஆரம்பத்தில் தனித்தனியாகச் செய்யுங்கள்.

சோதிக்க எளிய வழி: ஒரு தோட்டாவின் நீளத்தை அளந்து, கடைசியாகச் சுட வேண்டிய அறையில் போடுங்கள். மற்றவற்றைச் சுட்டுவிட்டு அதை எடுத்து மறுபடி அளங்கள். நீண்டிருந்தால் கிரிம்ப் போதவில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய .45 கோல்ட். அதே காலிபரில் நண்பர் பலமான தோட்டா சுடுகிறார். நானும் சுடலாமா?

கூடாது. .45 கோல்டுக்கான அழுத்த வரம்பு 14,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), .44 மேக்னத்துக்கு 36,000. சில மேனுவல்களில் கனமான புதிய ரிவால்வர்களுக்கென்று .45 கோல்டுக்குத் தனி அட்டவணை இருக்கும், எந்தத் துப்பாக்கிக்கு என்றும் எழுதியிருப்பார்கள். உங்கள் சிலிண்டரின் சுவர் அதைத் தாங்காது. தோட்டா உள்ளே நுழைகிறது என்பதால் சுடலாம் என்று ஆகிவிடாது.

கேள்வி: அழுத்தம் அதிகமானால் பிரைமர் தட்டையாகும், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்கிறார்களே?

அதை நம்பி ஏறாதீர்கள். பிரைமர் தட்டையாகாமலே வரம்பைத் தாண்டியிருக்கலாம், .45 கோல்ட் மாதிரிக் குறைந்த அழுத்தத் தோட்டாவில் அடையாளம் தெரியும்போது வரம்பு எப்போதோ பின்னால் போயிருக்கும். சுட்ட கேஸ்கள் சிலிண்டரிலிருந்து தள்ள மறுத்தால் அது தெளிவான எச்சரிக்கை, அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வார்த்த ஈய புல்லட் போட்டால் குழலில் ஈயம் அப்புகிறது. இன்னும் கெட்டியான ஈயம் வாங்கலாமா?

முதலில் அளவைப் பாருங்கள். சிலிண்டர் அறையின் முன்வாய்க்குள் புல்லட் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் போக வேண்டும். தானாகவே விழுந்துவிட்டால் புல்லட் சிறியது, சூடான வாயு ஓரமாகப் பாய்ந்து ஈயத்தை உருக்கிக் குழலில் அப்பிவிடுகிறது. பெரும்பாலும் இதுதான் காரணம். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது, பழைய கேஸ்களைச் சுத்தம் செய்யும்போது வரும் தூசியிலும் ஈயம் உண்டு, குழந்தைகள் இருக்கும் அறையில் அந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: நான் நிரப்பியதை நண்பர்களுக்குக் கொடுக்கலாமா?

நான் கொடுப்பதில்லை, வாங்குவதுமில்லை. அவர் துப்பாக்கியின் அளவுகள் எனக்குத் தெரியாது, அவர் தராசு மின்விசிறிக் காற்றில் ஆடியதா என்பதும் தெரியாது. உங்கள் பெட்டி ஒவ்வொன்றிலும் தேதி, மருந்தின் பெயர், எடை, புல்லட், பிரைமர், மொத்த நீளம் எல்லாம் எழுதி ஒட்டுங்கள். எழுதாத பெட்டி கிடைத்தால், அதை நீங்களே நிரப்பியிருந்தாலும், சுடாதீர்கள். பிரித்துவிடுங்கள்.