ஆடிச் சாரலில் கதவு ஊதிக்கொண்டால்

செங்கோட்டைப் பக்கமிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். வீடு மேற்குப் பார்த்தது, தேக்குக் கதவு போட்டு நான்கு வருஷம் ஆகிறது, வெளிப்பக்கத்துப் பாலிஷ் செதில் செதிலாக உரிகிறது, ஆனி ஆடியில் தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் மூடுகிறது. ஆசாரி ஓரத்தை இழைத்துவிடலாம் என்கிறார், செய்யலாமா?

இப்போது வேண்டாம் அண்ணாச்சி. மரம் ஈரம் குடித்தால் அகலவாக்கில்தான் விரியும், நீளவாக்கில் அவ்வளவாக விரியாது. ஆடியில் அளவாக இழைத்த கதவு பங்குனி வெயிலில் சுருங்கிச் சந்து விட்டு நிற்கும், அடுத்த சாரல் அந்தச் சந்து வழியாகவே உள்ளே வரும். முதலில் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை பிடித்தால் அது ஊதல். பூட்டுப் பக்கத்துக் கீழ்முனை மட்டும் தரையில் தேய்ந்தால் மேல் கீலின் திருகாணி தளர்ந்து கதவு இறங்கியிருக்கிறது, நீளமான திருகாணி போட்டால் சரியாகிவிடும். ஊதல் என்றால் இந்த சீசனுக்கு ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஓட்டுங்கள்.

உண்மையான வேலை மாசி, பங்குனியில், மரம் நன்றாகக் காய்ந்த பிறகு. கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டு அதன் அடிவிளிம்பைப் பாருங்கள். நான் பார்த்த கதவுகளில் பெரும்பாலும் அந்த இடம் பாலிஷ் படாத வெறும் மரம். நெட்டுச் சட்டங்களின் வெட்டுமுனை அங்கேதான் இருக்கிறது, வைக்கோல் கட்டைத் தண்ணீரில் நிறுத்திவைத்த மாதிரி அது கீழிருந்து உறிஞ்சும். சாரல் மட்டுமில்லை, தினம் காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீரும் தெறித்து அங்கேதான் போகிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் அந்தத் துண்டை வெட்டிப் புது மரம் ஒட்டச் சொல்லுங்கள்.

பழைய பாலிஷை முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் 80, 120, 180 என்ற வரிசையில் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். தேக்குக்கே ஒரு எண்ணெய்ப்பசை உண்டு, அதோடு வெள்ளிக்கிழமை வைத்த மஞ்சளும் குங்குமமும் வேறு. இவை இருந்தால் மேலே எதுவும் ஒட்டாது. அப்புறம் அடிவிளிம்புக்குத் தின்னர் கலந்து நீர்க்கவிட்ட பூச்சு, மரம் குடிப்பதை நிறுத்தும்வரை. மேல்விளிம்பு, பூட்டுத் துளை, கீல் பதியும் பள்ளம் எதையும் விடாதீர்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே கணக்கில் பூச வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பூசினால் கதவு வளையும். நடுப்பலகை சட்டத்துக்குள் அசைய இடம் வேண்டும், அந்தச் சந்தில் பட்டி வைத்து அடைத்தால் பலகை வெடிக்கும்.

எந்தப் பூச்சு? அரக்கைக் கரைத்துச் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் தண்ணீர் பட்டால் வெளுக்கும், வீட்டுக்குள்ளே இருக்கிற சாமானுக்குத்தான் அது. வெளிக்கதவுக்கு என்றே வருகிற, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு வாங்குங்கள், மூன்று கோட் அடியுங்கள். ஆனால் கண்ணாடி மாதிரி தெளிவான எந்தப் பூச்சும் மேற்கு வெயிலில் ரொம்ப நாள் தாங்காது. கதிர் பூச்சைத் தாண்டிப் போய் அடியில் மரத்தின் மேல்தோலை அரித்துவிடுகிறது, பூச்சுக்குப் பிடிமானம் போய் உரிகிறது. உங்கள் கதவுக்கு மேலே சன்ஷேடு இல்லையென்றால் நான் பிரைமரும் எனாமல் பெயிண்டும்தான் அடிக்கச் சொல்வேன், தேக்கு ரேகை மறைவது மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும். ரேகை தெரிய வேண்டுமா, இரண்டடி சன்ஷேடு போட்டுவிடுங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றோடு சாரல் சாய்வாக அடிக்கும் என்பதால் அது முழுக்கக் காக்காது. கதவின் வெளிப்பக்கம் அடியில் சரிவாக ஒரு மரச்சட்டம் வைத்து, அதன் கீழ்ப்புறம் நீளவாக்கில் ஒரு காடி (பள்ளம்) எடுத்துவிட்டால் வழிகிற தண்ணீர் உள்ளே ஓடாமல் சொட்டிவிடும்.

பிறகு வருஷா வருஷம் வைகாசியில் ஒரு கை தண்ணீரைக் கதவில் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டால் விட்டுவிடலாம், மரம் கறுத்து உறிஞ்சினால் சாரலுக்கு முன்னே லேசாகத் தேய்த்து இன்னொரு கோட்.