ஒரு காருக்கு எத்தனை மணி நேரம்? புதிதாக டீடெய்லிங் தொடங்குபவர்களின் கேள்விகள்

கார் டீடெய்லிங், அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒன்றையொன்று தொட்டு நிற்பவற்றை இந்த முறை சேர்த்து எடுத்திருக்கிறேன். பாதி வெப்சைட் பற்றியவை, பாதி விலை பற்றியவை. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க நான் முயலவில்லை. விலையில் தெளிவில்லாதவர் வெப்சைட்டில் எழுத ஒன்றும் இருக்காது.

கேள்வி: முதலில் வெப்சைட்டா, விலைப்பட்டியலா? டிசைனர் "கன்டென்ட் கொடுங்கள், கன்டென்ட் கொடுங்கள்" என்று நச்சரிக்கிறார்.

விலைப்பட்டியல்தான். டிசைனர் கேட்கும் கன்டென்ட்டில் முக்கால்வாசி அதற்குள்ளேயே இருக்கிறது. என்னென்ன வேலை செய்வீர்கள், ஒவ்வொன்றிலும் எது அடங்கும், எது அடங்காது, எத்தனை மணி நேரம் ஆகும், எந்த அளவுக் காருக்கு என்ன விலை. இவற்றை ஒரு தாளில் எழுதிவிட்டால் சைட்டின் பக்கங்கள் தாமாகப் பிரிந்து வரும். இன்டீரியர் கிளீனிங்குக்கு ஒரு பக்கம், பாலிஷுக்கு ஒரு பக்கம், பெயின்ட்மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சான கோட்டிங்குக்கு ஒரு பக்கம் எனத் தனித்தனியாக வையுங்கள். கூகுளில் தேடுகிறவர் "சீட்டில் கறை" என்றுதான் தேடுகிறார். எல்லா வேலையையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் அவர் தேடியது அதற்குள் தொலைந்துவிடும்.

கேள்வி: விலையை எப்படிப் போடுவது? இப்போதைக்கு மற்றவர்களுடைய விலையைப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருக்கிறேன்.

மற்றவருடைய விலைக்குள் இருப்பது அவருடைய வாடகை, அவருடைய ஆட்கள், அவருடைய கடன். அதிலிருந்து கொஞ்சம் குறைத்தால் உங்கள் கையில் என்ன நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் மணி நேரத்திலிருந்து தொடங்குங்கள். வாடகை, மின்சாரம், தண்ணீர், இன்சூரன்ஸ், போன், வண்டிச் செலவு, வெப்சைட் செலவு, பாலிஷர், பிரஷர் வாஷர் போன்றவற்றின் தேய்மானம், இவற்றோடு உங்கள் சம்பளம். சம்பளத்தை விட்டுவிடாதீர்கள், "மிஞ்சுவது எனக்கு" என்று தொடங்கியவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எல்லாம் கூட்டினால் மாதம் 240 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பூஜ்யங்களை உங்கள் ஊர்ப் பணத்துக்கு ஏற்றபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் சறுக்குகிற இடம் அடுத்ததுதான். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 208 மணி நேரம் என்று எடுத்து, 240-ஐ அதால் வகுத்து மணிக்கு 1.15 என்று முடிவு செய்கிறார்கள். அந்த 208 மணியும் கார்மேல் கை வைத்து நிற்கிற நேரமா? போனில் பேசுவது, காரைப் பார்த்து விலை சொல்வது, போய்வருவது, மைக்ரோஃபைபர் துணிகளைத் துவைத்துக் காயவைப்பது, போட்டோ எடுப்பது, வராத வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பது எல்லாம் அதிலிருந்து கழியும். கடைசியில் 120 மணி நின்றால், மணிக்கு 2 வாங்கினால்தான் செலவு ஈடாகும். 1.15 வாங்கினால் 138 மட்டுமே வரும். வேலைக்குக் குறைவில்லை, ஆனால் மாதம் நூறு துண்டு விழுகிறது என்றால் காரணம் இந்த வகுத்தல்தான்.

இனி ஒரு வேலையை எடுப்போம். இன்டீரியர் டீப் கிளீனிங்குக்கு 4 மணி நேரம் ஆகிறது. 4 × 2 = 8. ஷாம்பு, கிளீனர், பிரஷ் தேய்மானம் என்று பொருள் செலவு 1. ஆக அடக்கவிலை 9. விற்கிற விலையில் 20 சதவீதம் லாபம் நிற்க வேண்டுமென்றால் 9-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 11.25. ஒன்பதோடு 20 சதவீதத்தைக் கூட்டி 10.8 என்று போட்டால் லாபம் 20 சதவீதம் வராது, 17-க்குக் கீழே போய்விடும்.

இதற்கெல்லாம் அடிப்படை, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்பது. அதை ஊகிக்காதீர்கள். ஆரம்பத்தில் செய்கிற கார்கள் ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் வைத்து எழுதுங்கள்: கழுவியது இவ்வளவு, களிமண் பார் (பெயின்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) போட்டது இவ்வளவு, சீட் இவ்வளவு, துடைத்து முடித்தது இவ்வளவு. நிதானமான கைக்கழுவலே ஒன்று, ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒரே கட்ட பாலிஷ் ஒரு முழு நாளை விழுங்கும். ஆழமான கோடுகளை எடுக்கும் காம்பவுண்ட், பிறகு பாலிஷ் என இரண்டு கட்டம் போனால் இரண்டாவது நாளிலும் நிற்பீர்கள்.

கேள்வி: சைட்டில் விலையைப் போடலாமா? "விலைக்கு அழைக்கவும்" என்று போடுவதுதான் நல்லது என்கிறார் நண்பர்.

போடுங்கள். விலை இல்லாத சைட்டைப் பார்த்தவர் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். மீறி அழைப்பவர்களில் பாதிப் பேருக்கு உங்கள் விலை ஒத்துவராது. அவர்களோடு பேசுகிற நேரம், மேலே சொன்ன 208-க்கும் 120-க்கும் நடுவில் காணாமல் போன நேரத்தில் சேரும்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. ஒரே மாடல் கார் இரண்டு வந்தாலும் வேலை ஒன்றாக இருக்காது. ஒன்றில் தனி ஆள் ஆபீஸ் போய்வருகிறார். இன்னொன்றில் இரண்டு குழந்தைகளும் ஒரு நாயும் இருக்கிறார்கள். கார்ப்பெட்டில் குத்தி நிற்கிற நாய் முடியை எடுப்பது மட்டும் ஒரு மணி நேர வேலை. ஆகவே ஒற்றை எண்ணாகப் போடாமல் மூன்று அடுக்காகப் போடுங்கள். காரின் அளவுப்படி ஒரு தொடக்க விலை, அதாவது சின்ன கார், செடான், எஸ்யூவி, மூன்று வரிசை சீட் வண்டி என்று. அடுத்து, கூடுதல் வேலைகளுக்குத் தனித்தனி விலை: விலங்கு முடி, வாந்திக் கறை, சிகரெட் நாற்றம், தார், மரப்பிசின். மூன்றாவதாக ஒரு வரி: "காரை நேரில் பார்த்த பிறகே இறுதி விலை, உங்கள் சம்மதம் இல்லாமல் வேலை தொடங்க மாட்டோம்." அந்த வரியை அடிக்குறிப்பாகப் பொடி எழுத்தில் ஒளிக்காமல், விலைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சாவி வாங்கும்போது சொல்கிற கூடுதல் தொகைக்கு யாரும் பெரிதாகக் கோபப்படுவதில்லை. சாவி கொடுக்கும்போது சொன்னால் சண்டைதான்.

கேள்வி: எத்தனை பேக்கேஜ் வைக்கலாம்? நான் ஒன்பது வைத்திருக்கிறேன்.

மூன்று. மீதி ஆறில் உருப்படியாக இருப்பவற்றைக் கூடுதல் வேலைகளாக மாற்றுங்கள். "கோல்டு, பிளாட்டினம், டயமண்ட்" என்றெல்லாம் பெயர் வைத்தால் எதில் சீட் சுத்தம் அடங்கும் என்று தெரியாமல் வாடிக்கையாளர் விழிப்பார். "வெளிப்புறம் மட்டும்", "உள்ளும் புறமும்", "பாலிஷுடன்" என்று சொன்னால் போதும்.

கேள்வி: பக்கத்தில் ஒருவர் என் விலையில் பாதிக்கு செய்கிறார். ஆரம்பச் சலுகையாவது கொடுக்க வேண்டாமா?

அவர் என்ன செய்கிறார் என்று முதலில் பாருங்கள். முக்கால் மணி நேரத்தில் வாட்டர் வாஷும் வேக்குவமும் முடித்து அனுப்புகிறார் என்றால் அவர் வேறு தொழிலில் இருக்கிறார்.

சலுகைக்கு ஒரு சின்னக் கணக்கு. 100-க்குச் செய்கிற வேலையில் நேரடிச் செலவு போக 40 நிற்கிறது என்றால், 10 குறைத்ததும் 30-தான் நிற்கும். முன்பு மூன்று காரில் பார்த்ததை இனி நான்கு காரில் பார்க்க வேண்டும். கடையில் சரக்கு விற்கிறவருக்கு இது பரவாயில்லை. நாள் முழுக்கக் குனிந்து பாலிஷர் பிடிக்கிறவருக்கு அந்த நான்காவது கார் முதுகுவலியாக வரும்.

ஆரம்பத்தில் வேலை காட்டுவதற்குத் தெரிந்தவர்களின் சில கார்களைக் குறைந்த விலைக்குச் செய்யலாம். பில்லில் முழு விலையை எழுதி, அதன்கீழ் கழிவைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் நண்பரிடம் சொல்லும் விலை அந்தக் குறைந்த விலையாகவே இருக்கும்.

கேள்வி: செராமிக் கோட்டிங்கை முக்கிய சேவையாக வைக்க விரும்புகிறேன். "9எச் கடினம், கீறலே விழாது" என்று முகப்பில் போடலாமா?

போடக்கூடாது. 9எச் என்பது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவுகோல். கார்மேல் சாவியால் கோடு இழுத்துப் பார்த்த சோதனை இல்லை. கோட்டிங் போட்ட காரில் தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபமாகும், பளபளப்பு நிற்கும். சின்ன உரசல்களை ஓரளவு தாங்கலாம். கல் தெறித்தால் காப்பாற்றாது. அதற்கு பிபிஎஃப் என்கிற தடித்த பாலியூரித்தேன் ஃபிலிம்தான் வழி, அதன் விலையும் உழைப்பும் வேறு. கழுவாமல் விட்டால் கோட்டிங்மேல் தண்ணீர்க் கறையும் பிடிக்கும். இவ்வளவையும் சைட்டில் எழுதுங்கள். எழுதினால் கோட்டிங் விற்காது என்று பயப்பட வேண்டாம். "கீறலே விழாது" என்று நம்பி வந்தவர் இரண்டாவது மாதம் வாசலில் வந்து நிற்பதைவிட அது நல்லது.

விலைக்கு வருவோம். கோட்டிங் பாட்டிலின் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நேரம் எல்லாம் அதற்கு முந்தைய வேலையில்தான் போகிறது: கழுவுதல், பிரேக் தூளால் ஒட்டிய இரும்புத் துகளைக் கரைத்தல், களிமண் பார், பாலிஷ், எண்ணெய்ப் பசை போகத் துடைத்தல். பெயின்டில் இருக்கிற கோடுகளைப் போக்காமல் மேலே கோட்டிங் போட்டால், அந்தக் கோடுகளும் அதனடியில் பத்திரமாக இருக்கும். எனவே "கோட்டிங்" என்று ஒரு விலை போடாமல், பெயின்ட் திருத்தத்துக்கு ஒரு விலை, கோட்டிங்குக்கு ஒரு விலை எனப் பிரித்துக் காட்டுங்கள். புதுக் காருக்கு முதலாவது குறையலாம். பத்து வருடக் காருக்குக் கூடும்.

பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கம்பெனி பெயின்டில் மேலே இருக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரை. ஒவ்வொரு பாலிஷும் அதில்தான் கொஞ்சம் எடுக்கிறது. முன்பே பலமுறை தேய்த்த காரை மறுபடி தேய்ப்பதற்குமுன் அளந்து, எழுதி, உரிமையாளரிடம் காட்டுங்கள். சாதாரண மீட்டர் உலோகப் பாகத்தில்தான் அளக்கும். பிளாஸ்டிக் பம்பரில் எண் காட்டாது, அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

கேள்வி: வேர்ட்பிரஸ், விக்ஸ், இல்லை இன்ஸ்டாகிராம் பக்கம் மட்டும் போதுமா?

இன்ஸ்டாகிராம் வேலையைக் காட்ட நல்லது. விலையும் விதிமுறையும் அதில் மூன்று நாளில் கீழே போய்விடும். ஐந்து பக்க சைட்டுக்கு விக்ஸ் மாதிரியான ரெடிமேட் கருவியே தாராளம். கட்டுரைகள், பல சேவைப் பக்கங்கள் என்று வளர்க்கிற எண்ணமும், பிளக்இன் அப்டேட் செய்கிற பொறுமையும் இருந்தால் வேர்ட்பிரஸ்.

எதைத் தேர்ந்தாலும் டொமைன், அதாவது சைட்டின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதிவாகியிருக்க வேண்டும். டிசைனர் தன் கணக்கில் வாங்கித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அவரோடு பிணக்கு வந்தால் வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கர்வரை மாற்ற நேரிடும்.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலையும் அதே நாளில் தொடங்குங்கள், அது இலவசம். வீட்டுக்கே போய்ச் செய்கிறவர்கள் முகவரியை மறைத்து, போகும் பகுதிகளை மட்டும் காட்டலாம்.

கேள்வி: சைட் அழகாக இருக்கிறது, ஆனால் போனில் திறக்க நேரமாகிறது.

முகப்பில் ஓடுகிற வீடியோவை எடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படங்களைச் சுருக்கி, வெப்பி (WebP) என்கிற சின்ன ஃபைல் வடிவத்தில் போடுங்கள். பக்கத்தின் பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல்.

கேள்வி: படங்களுக்குப் போட்டோகிராபர் வைக்க வேண்டுமா?

வேண்டாம், உங்கள் போன் போதும். இணையத்தில் எடுத்த ஸ்போர்ட்ஸ் கார் படங்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். உங்களிடம் வருவது குடும்பக் கார். முன்னும் பின்னும் எடுக்கும் படங்கள் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் இருக்கட்டும். முன்படத்தை நிழலிலும் பின்படத்தை வெயிலிலும் எடுத்தால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். பெயின்டிலுள்ள வட்டக் கோடுகள் பரவலான வெளிச்சத்தில் மறைந்துவிடும், ஒற்றை எல்இடி விளக்கை நேராக அடித்தால்தான் தெரியும். நம்பர் பிளேட்டை மறைத்து, உரிமையாளரிடம் அனுமதி கேட்டுப் போடுங்கள். படத்துக்குக் கீழே என்ன கார், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று ஒரு வரி எழுதினால், அந்தப் படமே விலைக்கு விளக்கம் சொல்லிவிடும்.

கேள்வி: ஐந்து நட்சத்திர ரிவ்யூ போட்டால் அடுத்த வாஷில் தள்ளுபடி தரலாமா?

கூடாது, கூகுள் விதிப்படி தடை. வேலை முடிந்த அன்றே எல்லோருக்கும் ரிவ்யூ லிங்க்கை அனுப்பிக் கேளுங்கள், அது தப்பில்லை. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் விதிமீறல்தான்.

கேள்வி: புக்கிங் ஃபார்மில் என்னென்ன கேட்க வேண்டும்? பெயரும் போன் நம்பரும் போதாதா?

போதாது. கார் மாடல், வருடம், கடைசியாக உள்ளே சுத்தம் செய்தது எப்போது, வீட்டு விலங்கு ஏறுமா, எதற்காக இப்போது செய்கிறீர்கள் என்று கேளுங்கள். விற்கப்போகிறவருக்கும், புதுக் காரைப் பாதுகாக்க வருகிறவருக்கும் தேவை வேறு. வீட்டுக்குப் போய்ச் செய்வதானால் தண்ணீர், மின்சாரம், நிழல் உண்டா என்பதும் வேண்டும். மோசமான இடத்தை இரண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாள் முழுக்கப் பிடிக்கிற வேலைகளுக்கு மட்டும் அட்வான்ஸ் வாங்கினால் போதும். சாதாரண வாஷுக்கு அட்வான்ஸ் கேட்டால் ஆள் வர மாட்டார்.

இன்னொரு பெட்டியையும் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன்: "மேட் பெயின்டா?" பளபளப்பில்லாத அந்தப் பெயின்டைத் தேய்த்தால் திட்டுத்திட்டாகப் பளபளப்பு ஏறிவிடும், மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. அந்தப் பெட்டியில் டிக் அடித்தவருக்கு பாலிஷ் பேக்கேஜ் திரையில் தெரியவே கூடாது என்று டிசைனரிடம் சொல்லிவிடுங்கள்.