எஸ்ஜிபிடி முதல் டயட் கோலா வரை: புரதம் உடைவது பற்றி வாசகர் கேள்விகள்

மாஸ்டர் செக்கப்பில் எஸ்ஜிபிடி 68 வந்திருக்கிறது. குடிப்பழக்கமே கிடையாது. கல்லீரல் கெட்டுவிட்டதா?

ஒரே எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எஸ்ஜிபிடி ஒரு நொதி. புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களில் ஒன்று அலனின். அதிலிருந்து நைட்ரஜன் பகுதியைக் கழற்றி வேறொரு மூலக்கூறில் மாட்டிவிடுவது அதன் வேலை. துணைக்கு வைட்டமின் பி6 வேண்டும். மிஞ்சுகிற பைருவேட் என்ற பொருளிலிருந்து கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்துக்கொள்ளும். இதெல்லாம் நடப்பது செல்லுக்குள்ளே. செல் அடிபடும்போதுதான் நொதி கூடுதலாக ரத்தத்தில் கசிகிறது. ஆக, லேபில் அளப்பது கசிவைத்தான், கல்லீரலின் உழைப்பை அல்ல. இதற்குப் போய் 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்று பெயர் வைத்தார்களே என்று எனக்கு நெடுநாள் வருத்தம்.

குடிக்காதவருக்கு இந்த அளவு ஏறினால் முதல் சந்தேகம் கொழுப்புக் கல்லீரல் மீது. சில மாத்திரைகளும் ஹெபடைடிஸ் வைரஸ்களும் காரணமாகலாம். முந்தின நாள் ஜிம்மில் கனமாகத் தூக்கியிருந்தாலும் ஏறும். ரிப்போர்ட்டில் பக்கத்தில் இருக்கும் எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதி இன்னும் அதிகமாக ஏறும், தசையில் அது நிறைய உண்டு. டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

தினமும் இரண்டு ஸ்கூப் புரோட்டீன் பவுடர் குடிக்கிறேன். அத்தனையும் தசையாகுமா?

ஆகாது. மிஞ்சிய கொழுப்புக்குத் தொப்பை இருக்கிறது. மிஞ்சிய அமினோ அமிலத்தைக் கொட்டி வைக்க உடம்பில் குதிர் இல்லை. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன், அதாவது 25 கிராமுக்கு 4 கிராம். உடம்பு பயன்படுத்தாத பங்கின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். மீதி எரிபொருளாகும், அல்லது சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாறும்.

அப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கும் நோய்). மலச்சிக்கல் வந்தாலே பேச்சு குழறுகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். குடலில் உள்ள பாக்டீரியாக்கள் புரதத்தையும் யூரியாவையும் உடைத்து அம்மோனியா உண்டாக்குகின்றன. அது நேரே கல்லீரலுக்குப் போகும். அங்கே நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்து அதை யூரியாவாக்கும். 1932இல் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்செலைட்டும் விளக்கிய சுழற்சி இது. சுருங்கிப்போன கல்லீரலால் முடியாதபோது அம்மோனியா மூளைவரை போய்விடுகிறது. மலம் தங்கினால் அம்மோனியா கூடும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் கொடுத்து 'ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போகணும்' என்று டாக்டர் சொல்வது அதனால்தான்.

பயந்துபோய் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். அம்மோனியாவில் ஒரு பங்கைத் தசையும் வாங்கிக்கொள்கிறது. தசை கரைந்தால் அந்த வழியும் அடைபடும். குழறலோடு பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், நீட்டிய கை படபடவென்று அடித்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிப்போங்கள்.

டயட் கோலா கேனில் 'பீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல' என்று இருக்கிறதே?

அதில் சர்க்கரைக்குப் பதில் இருக்கும் இனிப்பூட்டியான அஸ்பார்ட்டேம் உடைந்தால் பீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் வரும். அதை டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. அதுதான் பீனைல்கீட்டோனூரியா. பீனைல்அலனின் தேங்கினால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். 1934இல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு பிள்ளைகளிடமும் வந்த விநோத வாடையைச் சொல்லப்போக, மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் அவர்களின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டுப் பார்த்தார், பச்சையாக மாறியது. அப்படித்தான் இந்த நோய் தெரியவந்தது. உங்களுக்கு அது இல்லையென்றால் அந்த வரி உங்களுக்கானதல்ல.