கடிதத்தை நம்பி முந்திரியை வெட்டலாமா?

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு 12 ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது. மத்திய அரசு நிறுவனத்தின் சூரிய மின்சார ஏலத்தில் ஜெயித்ததாக ஒரு கம்பெனி கடிதம் காட்டி, 28 வருடக் குத்தகை கேட்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: கடிதம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது ஏலத்தில் தேர்வானதற்கான கடிதம்தான். மின்சாரத்தை வாங்க ஆள் இருக்கிறாரா என்பது வேறு விஷயம்.

செகி (இந்திய சூரிய மின்சக்திக் கழகம்), என்டிபிசி போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் ஏலம் விட்டாலும், கடைசியில் வாங்கிக்கொள்ள வேண்டியவை பெரும்பாலும் மாநில மின் வாரியங்கள். ஏலம் விட்ட நிறுவனத்தோடு வாரியம் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் ஜெயித்த கம்பெனிக்கு 25 வருடக் கொள்முதல் ஒப்பந்தம் கிடைக்கும். அங்கேதான் வண்டி நின்றுவிடுகிறது. 2017-ல் ராஜஸ்தானின் பாட்லாவில் ஏல விலை யூனிட்டுக்கு 2.44 ரூபாய், 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99. இந்த இறக்கத்தைப் பார்த்த வாரியம், அடுத்த ஏலம்வரை பொறுக்கலாம் என்றுதான் நினைக்கும். கால் நூற்றாண்டுக்குக் கட்டுப்படப்போகிறவர்கள் யோசிப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அதோடு, அவர்களுக்கு மின்சாரம் போதாமல் கை கடிப்பது விளக்கு வைத்த பிறகு. வெயில் மின்சாரம் அப்போது இருக்காது. அதனால்தான் இப்போது பல ஏலங்களில் பேட்டரியும் சேர்த்துக் கேட்கிறார்கள். வருடத்துக்கு 50 ஜிகாவாட் (50,000 மெகாவாட்) ஏலம் என்று 2023-ல் மத்திய அரசு இலக்கு வைத்தது. ஏலம் ஓடியது, வாங்குபவர் கையெழுத்து பின்தங்கிவிட்டது.

அப்புறம் லைன். பேனல்களை ஒன்றரை வருடத்தில் நிறுத்திவிடலாம். உயர் அழுத்த லைனுக்குப் பெரும்பாலும் அதைவிட அதிகக் காலம் பிடிக்கும். உங்கள் 12 ஏக்கரில் இரண்டு, மூன்று மெகாவாட்தான் வரும், ஆகவே அக்கம்பக்கத்து நிலமும் சேர வேண்டும். இடத்தைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கும் ஏலங்களும் உண்டு. அப்படியானால் உங்களை விட்டுவிட்டு அது வேறு மாநிலத்துக்கே போய்விடலாம்.

சரி, என்ன செய்வது? கையெழுத்தான கொள்முதல் ஒப்பந்தத்தையும், எந்தத் துணை மின் நிலையத்தில் இணைப்பு கிடைத்திருக்கிறது என்பதற்கான ஆணையையும் கேளுங்கள். இரண்டும் கண்ணில் படும்வரை ஒரு மரத்தையும் தொட விடாதீர்கள். 2011-ல் தானே புயல் சாய்த்த தோப்பை மறுபடி காய்ப்புக்குக் கொண்டுவர எத்தனை வருடம் ஆனது என்பது உங்கள் ஊருக்கே தெரியும்.

பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். நான் பார்த்த ஒன்றில், நிலம் கையெழுத்தன்றே கம்பெனி வசம். வாடகையோ 'மின் உற்பத்தி தொடங்கிய நாள் முதல்'. அந்த ஒரு வரியால் வருடக்கணக்கில் நிலமும் போய், வருமானமும் இருக்காது. கையெழுத்திட்ட நாளிலிருந்தே வாடகை, 18 மாதத்தில் வேலை தொடங்காவிட்டால் குத்தகை ரத்து என்று எழுதி வாங்குங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும் முன் ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள்.